நாழிக்கிணற்றுக்கு சர்டிபிகேட் கேட்டவர்கள்

சாகுபுரம் பழைய ஊர் அல்ல. ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் பக்கத்தில், ஐம்பதுகளின் கடைசியில் காஸ்டிக் சோடா ஆலை வந்தபோது அதோடு சேர்ந்து வந்த ஊர். ஆலை முதலாளிகளான சாகு குடும்பத்தின் பெயரே ஊருக்கும் ஆனது. சுற்றிலும் உப்பளம். தெற்கே கொஞ்ச தூரத்தில் திருச்செந்தூர் முருகன், கிழக்கே பள்ளிவாசல்கள் நிறைந்த காயல்பட்டினம், கரையோரம் நெடுக புன்னைக்காயல், ஆலந்தலை, மணப்பாடு என்று மாதா கோயில்கள். மூன்று மதத்துக்காரர்களும் ஒரே ஷிப்டில் ஒரே கேன்டீன் டீயைக் குடிக்கிற வட்டாரம் இது. இங்கே உப்பையும் தண்ணீரையும் சோதிக்கிற லேபில் கெமிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவன் நான்.

காஸ்டிக் சோடாவுக்கு மூலப்பொருள் உப்பு. உப்பைக் கரைத்து, சுத்தம் செய்து, மின்சாரம் பாய்ச்சுவார்கள். ஒரு பக்கம் குளோரின் வாயு, மறுபக்கம் காஸ்டிக், கூடவே ஹைட்ரஜன். இன்று பெரும்பாலான ஆலைகளில் நடுவே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. கரைசலில் கால்சியமும் மெக்னீசியமும் நூறு கோடிப் பங்குக்கு இருபது பங்கைத் தாண்டினால் சவ்வு கெட ஆரம்பித்துவிடும். அந்த அளவு அசுத்தத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. கருவி சொல்வதை நம்பித்தான் வால்வைத் திறக்க வேண்டும். ஆகவே கண்ணுக்குத் தெரியாததை நம்புவது கோயிலில் மட்டும்தான் என்று எண்ணிக்கொண்டு யாரும் எங்கள் லேபில் நுழைய முடியாது.

ஆனாலும் லேபில் கண்ணுக்குத்தான் கடைசி வார்த்தை. குளோரைடு சோதனையைச் சொல்கிறேன். கூம்புக் குடுவையில் ஐம்பது மில்லி தண்ணீர் எடுத்து, பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். மேலே பியூரெட்டில் சில்வர் நைட்ரேட். இடது கை குழாயின் திருகில், வலது கை குடுவையின் கழுத்தில். சொட்டு விழுகிற இடத்தில் ஒரு சிவப்புத் திட்டு தோன்றும், குடுவையைச் சுழற்றியதும் மறைந்துவிடும். தண்ணீரில் குளோரைடு மிச்சம் இருக்கும்வரை வெள்ளி அதோடுதான் போய்ச் சேரும். குடுவை வெள்ளையாகக் கலங்கிக்கொண்டே வரும். குளோரைடு தீர்ந்த அடுத்த சொட்டில் சிவப்பு மறையாமல் நிற்கும். அந்த நொடியில் திருகை மூடி, பியூரெட்டில் அளவைப் பார்த்து எழுத வேண்டும்.

நல்ல கிணற்றுத் தண்ணீர் என்றால் சில மில்லியிலேயே சிவப்பு நின்றுவிடும். கடல் தண்ணீரை நேராக வைத்தால் பியூரெட் காலியாகும், சிவப்பு வராது. பல மடங்கு காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்துதான் சோதிக்க வேண்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் குளோரைடு உள்ளது கடல் தண்ணீர். குடிநீருக்கு இந்தியத் தரநிலை சொல்லும் ஏற்கத்தக்க அளவு 250. வேறு வழியே இல்லாத ஊருக்கு 1,000 வரை அனுமதி.

புதிதாகச் சேர்கிற பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், எந்த எண் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பியூரெட்டைத் திறக்காதே என்பது. நினைத்த எண் பக்கத்தில் வந்ததும் கண் சிவப்பைப் பார்த்துவிடும், குடுவையில் சிவப்பே இல்லாவிட்டாலும். அதனால்தான் முக்கியமான மாதிரி என்றால் இரண்டு பேர் தனித்தனியாகச் சோதிப்போம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது.

அளத்தில் இன்னொரு பாடம் கிடைத்தது. கடல்நீர் முதல் தேக்கமான தெப்பத்துக்குள் வரும்போது, அடர்த்தியைச் சொல்லும் போமே அளவில் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். வெயிலில் வற்றி வற்றி 25 டிகிரியை நெருங்கும்போது பாத்தியில் உப்பு விளைய ஆரம்பிக்கும். 29ஐத் தாண்ட விட்டால் மெக்னீசியம் கூடிக் கசக்கும். எனக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரி பாத்தி ஓரம் குத்தவைத்து உட்கார்ந்து, தண்ணீர் முகத்தில் படர்கிற பூவையும் அதன் நிறத்தையும் பார்த்தே டிகிரி சொல்வார். நான் மீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்தால் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வராது. சீசன் தொடக்கத்தில் தட்டுமேட்டில் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் உப்பு வாரும் பலகையைத் தொட விடுவார். "சாமி கும்பிட்டா டிகிரி ஏறுமா அண்ணாச்சி?" என்று ஒரு தடவை வம்புக்குக் கேட்டேன். "டிகிரி ஏத்துதது வெயிலுய்யா. சாமி கும்பிடுதது எனக்கு" என்றார். அவருக்குள் இந்த இரண்டும் சண்டை போட்டதே இல்லை.

சண்டை வந்தது பாட்டிலோடு வந்தவர்களுக்குள்தான்.

திருச்செந்தூர் கோயிலுக்குத் தெற்கே, அலை அடிக்கிற தூரத்தில் இருக்கிறது நாழிக்கிணறு. பெரிய கிணற்றுக்குள் இறங்கிப் போனால் உள்ளே ஒரு சதுர அடி வாயுள்ள சின்னக் கிணறு. கடலிலும் அங்கேயும் குளித்துவிட்டுத்தான் சாமி பார்க்கப் போவார்கள். சூரனோடு போர் முடிந்து தாகத்தில் வாடிய படைவீரர்களுக்காக முருகன் வேலால் குத்தி எடுத்த ஊற்று என்பது தல வரலாறு. இவ்வளவு கடலுக்குப் பக்கத்தில் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை என்பது எல்லோருடைய நாக்கும் அறிந்த விஷயம்.

ஒருநாள் ஷிப்ட் ஆபரேட்டர் ஒருவர் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்தார். சஷ்டிக்கு விரதம் இருந்து, சூரசம்ஹாரம் பார்த்துவிட்டுத்தான் பச்சைத் தண்ணீர் குடிக்கிறவர். "அண்ணாச்சி, இத டெஸ்ட் பண்ணி ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. கடலு பக்கத்துலயே இருந்தும் உப்பு இல்லன்னு சயின்ஸே ஒத்துக்கிட்டுன்னு போடணும்" என்றார். விஷயம் கேன்டீனுக்குப் போய், கருப்புச் சட்டை போடுகிற தொழிற்சங்கத் தோழர் காதில் விழுந்தது. மறுநாள் அவர் வந்தார். "அந்தத் தண்ணிய நீங்க டெஸ்ட் பண்ணுதீங்களாமே. இதுல அதிசயம் ஒண்ணும் கெடையாதுன்னு எழுதி எனக்கும் ஒரு காப்பி குடுங்க. நோட்டீஸ் அடிக்கணும்."

இருவர் கேட்டதும் ஒரே காகிதம்தான். ஒருவருக்கு அது முருகனுக்குச் சாட்சி, இன்னொருவருக்கு முருகனுக்கு எதிர்ச் சாட்சி. எங்கள் ரிப்போர்ட் படிவத்தில் மாதிரி வந்த தேதி, நிறம், மணம், மொத்தக் கரைபொருள், குளோரைடு, கடினத்தன்மை என்று கட்டங்கள் உண்டு. அதிசயம் என்று ஒரு கட்டம் கிடையாது. கீழே குறிப்பு என்ற இடத்தில் "நபர் கொண்டுவந்து கொடுத்த மாதிரி" என்று எழுதினேன். லேப் ஆள் நேரில் போய் எடுக்காத எந்த மாதிரிக்கும் அப்படித்தான் எழுதுவோம். பாட்டிலில் உள்ள தண்ணீருக்கு நாங்கள் பொறுப்பு, அது எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்பதற்குப் பொறுப்பில்லை என்று அதற்குப் பொருள். எண்களை இங்கே எழுதப் போவதில்லை. ஐப்பசி மழைக்குப் பின் எடுத்த தண்ணீரும் சித்திரை வெயிலில் எடுத்த தண்ணீரும் ஒன்றல்ல. ஒரு பாட்டிலின் எண்ணைக் கிணற்றின் எண் என்று அச்சில் போடுவது எங்கள் தொழிலுக்கு அழகில்லை. இரண்டு பேருக்கும் ஒரே காப்பியைக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் திருப்தி இல்லை.

"சரி, உப்பு ஏன் இல்லங்கீங்க?" என்று தோழர் கேட்டார். ஆபரேட்டரும் நின்றார். அங்கேயே ஒரு பீக்கரில் உப்புக் கரைசலை ஊற்றி, அதன்மேல் கலர் போட்ட நல்ல தண்ணீரைக் கண்ணாடிக் கம்பி வழியே மெல்ல விட்டுக் காட்டினேன். கலர்த் தண்ணீர் மேலேயே நின்றது. கடல்நீர் கனம்; நல்ல தண்ணீரைவிட இரண்டரை சதவீதம் கூடுதல். கரையோர மணலில் இறங்குகிற மழைத்தண்ணீர், அடியில் ஊறிக் கிடக்கும் கடல்நீரின் மேல் மிதக்கும். நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு ஓர் அடி மேலே நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம்வரை நல்ல தண்ணீர்தான் என்பது கணக்கு. பாடன் கைபன் என்ற டச்சு எஞ்சினியர் 1880களின் கடைசியிலும், ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர் 1901இலும் தனித்தனியே கண்டு சொன்ன விதி. இருவர் பெயரிலும் இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்த மெல்லிய நல்ல தண்ணீர் அடுக்கைத் தாண்டாமல் ஆழம் குறைவாகத் தோண்டி, அளவாக இறைத்தால் கடல் ஓரத்திலும் இனிப்பான தண்ணீர் கிடைக்கும். ஆழமாகத் தோண்டினாலோ மோட்டார் வைத்து உறிஞ்சினாலோ அடியில் இருக்கும் உப்பு ஏறிவிடும்.

தோழர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? வேலும் இல்ல, ஒண்ணும் இல்ல." ஆபரேட்டர் பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "நாப்பது அடிக்கு ஓரடின்னு கணக்கு வச்சது யாரு?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பியூரெட் இல்லை. தோழரிடமும் இல்லை.

இப்படி நல்ல தண்ணீர் ஊறும் இடங்கள் இந்தக் கரை நெடுக உண்டு. மணப்பாட்டில் கடலைப் பார்த்த பாறைக் குகையில் புனித சவேரியார் தங்கியிருந்தார் என்பார்கள். அந்தக் குகையிலும் நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு. ராமேஸ்வரம் பக்கம் வில்லூண்டித் தீர்த்தம் கடலுக்குள்ளேயே இருக்கிறது. சீதையின் தாகத்துக்கு ராமன் வில்லை ஊன்றிய இடம் என்பது கதை. உள்ளே செம்மண் தேரிக்காட்டில் அருஞ்சுனை காத்த அய்யனார் தம் பெயரிலேயே சுனையை வைத்திருக்கிறார். வேல் குத்திய இடமும் வில் ஊன்றிய இடமும் புனிதர் தங்கிய இடமும் எல்லாம் நல்ல தண்ணீர். தண்ணீருக்கு ஏங்கிய கரையில், மக்கள் தண்ணீர் கிடைத்த இடத்திலெல்லாம் தங்கள் சாமியைக் கண்டிருக்கிறார்கள். தோழருக்கு இது சாமியை மனிதன் உண்டாக்கினான் என்பதற்கு ஆதாரம். ஆபரேட்டருக்கு எல்லாச் சாமியும் தாகம் தீர்த்தது என்பதற்கு ஆதாரம். காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் ஹஜ்ஜுக்குப் போய்வந்து ஜம்ஜம் தண்ணீர் ஒரு மடக்குக் கொடுத்தபோது, தாது உப்பு தூக்கலான தண்ணீர் என்பது என் நாக்குக்கு உடனே தெரிந்தது. பாலைவனத்தில் தாகத்தில் அழுத குழந்தைக்காகப் பீறிட்ட ஊற்று என்பது அதன் கதை. கெமிஸ்ட் என்று தெரிந்தும் அவர் என்னிடம் சர்டிபிகேட் கேட்கவில்லை.

பார்த்தால் நம்புவேன் என்கிறவனைவிட, நம்பியதைப் பார்த்தே தீருவேன் என்கிறவனிடம்தான் நான் அதிகம் கஷ்டப்பட்டிருக்கிறேன். 1995 செப்டம்பர் 21 நினைவிருக்கும். பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று டெல்லியில் கிளம்பிய செய்தி பொழுது சாய்வதற்குள் நாடு முழுவதும் பரவி, எங்கள் பக்கத்துத் தெருப் பிள்ளையாருக்கும் வந்துவிட்டது. ஸ்பூனைத் துதிக்கையில் ஒட்டிச் சாய்த்தால் பால் குறையும். நானும் வரிசையில் நின்று பார்த்தேன். குறைந்தது உண்மை. பரப்பு இழுவிசை பாலை ஸ்பூனிலிருந்து இழுக்க, ஈரமான கல் வழியாக அது மெல்லிய படலமாகக் கீழே வழிந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கல்லில் வெள்ளைப் பால் தெரியாது; கருங்கல்லிலும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். டெல்லிக் கோயில் ஒன்றில் விஞ்ஞானிகள் பாலில் கலர் கலந்து ஊட்டிக் காட்டினார்கள். வழிந்த தடம் கலராகத் தெரிந்தது. ஊரே கண்ணால் பார்த்ததுதான். ஆனால் எல்லோரும் ஸ்பூனைப் பார்த்தார்கள். பிள்ளையாரின் பாதத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

2006 ஆகஸ்டில் மும்பை மாஹிமில் கடல் இனிக்கிறது என்று கூட்டம் கூடிக் குடித்தது. மழைக்காலத்தில் மித்தி ஆறு கொண்டுவந்த நல்ல தண்ணீர், கனமான கடல்நீரின் மேல் மிதந்ததுதான் காரணம். என் பீக்கரில் நடந்ததேதான். நாழிக்கிணற்றில் தண்ணீரை மணல் வடிகட்டித் தருகிறது. மாஹிமில் நகரத்தின் அத்தனை கழிவும் அந்தத் தண்ணீரில் இருந்தது. குடிக்க வேண்டாம் என்று மாநகராட்சி கெஞ்சியது. இனிப்பு என்பது கண் முன்னால், நாக்கின் மேல் இருந்த நிரூபணம். கிருமி கண்ணுக்குத் தெரியவில்லை. நிரூபணத்தை நம்பியவர்கள் அங்கே அரைகுறை நிரூபணத்தை நம்பினார்கள்.

இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், பாதிரியார் ஒருவரின் மகன். மோசடிக்கு இடமில்லாத நிபந்தனையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறுபதுகளில் சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை ஒருவரும் அதை வாங்கவில்லை. கல்கத்தாவில் படித்த காலத்தில், ஊருக்குக் கங்கைத் தண்ணீர் என்று சொல்லி வழியில் ஒரு ரயில் நிலையத்துத் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்ததாகவும், அதைக் குடித்தவர்கள் நோய் தீர்ந்ததாகச் சொன்னதாகவும் அவரே எழுதியிருக்கிறார். தோழர் இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லுவார். கங்கைக்கு மகிமை இல்லை என்பதற்குத்தான் அவர் சொல்லுவார். எனக்கு அதில் வேறொன்று தெரியும்: குணமானவர்களுக்கு வேலை செய்தது தண்ணீர் அல்ல, தண்ணீரோடு வந்த சொல்.

சொல்லின் பலத்தை இந்தக் கரையைவிட யாரும் அறிய முடியாது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடல்கட்டி என்றொரு உத்தியோகம் இருந்தது. சுறா வராமல் மந்திரத்தால் கடலைக் கட்டுகிறவர். 13ஆம் நூற்றாண்டின் முடிவில் காயல் பக்கம் வந்த மார்க்கோ போலோ, மீனைக் கட்டும் மந்திரக்காரர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு என்றும், இரவில் திருட்டுத்தனமாக யாரும் குளிக்காதபடி அவர்கள் கட்டை அவிழ்த்துவிடுவார்கள் என்றும் எழுதிவைத்தார். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறியும் கடல்கட்டி மாறவில்லை. இலங்கையில் பெரிய அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னென்ட் 1859இல் வெளியிட்ட நூலில் ஒரு தகவல் தருகிறார்: அவர் காலத்தில் அந்தப் பரம்பரை உத்தியோகத்தில் இருந்தவர் ரோமன் கத்தோலிக்கர். மந்திரம் பலிக்க ஓதுகிறவரின் மதம் ஒரு தடை என்று குளியாட்கள் யாரும் நினைக்கவில்லை.

ஆங்கில அரசு அந்த மந்திரத்தை ஒரு நாளும் நம்பவில்லை. ஆனாலும் கடல்கட்டியை வைத்துக்கொண்டது, ஏனென்றால் அவர் இல்லாவிட்டால் ஒரு குளியாளும் கல்லைக் காலில் மாட்டமாட்டான். சுறா கடித்த சம்பவங்கள் சொற்பம் என்பதைக் குளியாட்கள் மந்திரத்துக்கு நிரூபணமாக எடுத்துக்கொண்டார்கள். நூற்றுக்கணக்கான பேர் ஒரே இடத்தில் தடதடவென்று குதித்தால் சுறா தானே விலகும் என்றார்கள் அதிகாரிகள். எது காரணம் என்று அறிய, கடல்கட்டி இல்லாமல் ஒரு நாள் குளிக்கவிட்டுப் பார்க்க வேண்டும். லேபில் நாங்கள் அதை பிளாங்க் என்போம். மாதிரியே போடாமல் ஒரு தடவை சோதனை செய்வது. ஆனால் குளியாள் அதற்கு உடன்படமாட்டான். உடன்படாததில் நியாயமும் உண்டு. குடுவையில் கெட்டுப்போவது ஐம்பது மில்லி தண்ணீர், கடலில் போவது அவன் கால். தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. அப்படியொரு சோதனை நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, தொழிலும் போய்விட்டது.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலையில் திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது, கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. முருகன் கடலைப் பின்னால் போகச் சொன்னான் என்று மறுநாள் எங்கள் கேன்டீன் முழுக்கப் பேச்சு. இலங்கைத் தீவு குறுக்கே நின்று இந்தக் கரையை ஓரளவு காத்தது என்று நான் சொன்னேன். ஆபரேட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அதே காலையில் வேளாங்கண்ணியில், ஞாயிறு வழிபாட்டுக்கு வந்த எத்தனையோ பேரை அலை அடித்துக்கொண்டு போயிருந்தது. மணப்பாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர் ஒருவர் அன்று எங்கள் மேசையில் வாய் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இங்கே காப்பாற்றியது நிரூபணம் என்றால் அங்கே நடந்ததற்கு என்ன பெயர்? ஆபரேட்டருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஆதாரத்தை ஒரு பக்கம் மட்டும் எண்ணக் கூடாது என்பது லேப் சட்டம். அன்றைக்கு அது மனுஷத்தனமாகவும் பட்டது.

நிரூபணம் கேட்பது பாவம் என்று எந்த மதமும் முழுசாகச் சொல்லவில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற தோமையாரைத்தான் மயிலாப்பூரில் அடக்கம் செய்ததாக நம்பி அங்கே கோயில் கட்டியிருக்கிறார்கள். இறந்ததை எப்படி உயிர்ப்பிப்பாய் என்று காட்டு, என் மனம் அமைதி கொள்ளட்டும் என்று இப்ராஹீம் நபி கேட்டது குர்ஆனில் இருக்கிறது என்று காயல் நண்பர் சொன்னார். இத்தாலியில் நேப்பிள்ஸ் பேராலயத்தில் உறைந்த ரத்தம் உருகும் என்று ஒரு குப்பி உண்டு. குலுக்கினால் இளகும் ஜெல்லியாக அது இருக்கலாம் என்று மூன்று இத்தாலியர்கள், பழங்காலத்தில் கிடைத்த பொருள்களாலேயே செய்து காட்டி 1991இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். திருச்சபை அதை அற்புதம் என்று அதிகாரபூர்வமாக அறிவித்ததும் இல்லை, மக்கள் கூடுவதை நிறுத்தவும் இல்லை.

இது எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய பாடம் திருச்செந்தூர் கதையிலேயே இருக்கிறது. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில், போர்க்களத்தில் முருகன் சூரபத்மனுக்குத் தன் விசுவரூபத்தைக் காட்டுகிறான். அண்டமெல்லாம் அந்த மேனியில் தெரிகிறது. சூரன் பார்க்கிறான், உருகுகிறான், புகழ்கிறான். உருவம் மறைந்ததும் பழையபடி சண்டைக்கு எழுந்துவிடுகிறான். இந்தக் கரையில் இதைவிடப் பெரிய நிரூபணம் யாருக்கும் கொடுக்கப்பட்டதாகக் கதை இல்லை. கண்ணால் கண்டும் அவன் மனம் மாறவில்லை. இதை ஆபரேட்டரிடம் சொன்னேன். பாட்டிலைக் கொடுத்து வெகுகாலம் ஆகியிருந்தது. "அப்ப அந்தப் பேப்பர வச்சி நான் யார மாத்தப் போறேன்?" என்று சிரித்தார். தோழரும் நோட்டீஸ் அடிக்கவில்லை. அடித்தால் ஆபரேட்டரோடு டீ குடிக்கிற சுகம் போய்விடும் என்பதுகூடக் காரணமாக இருக்கலாம்.

இன்னொரு நாள் உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு பெண் தன் தெருக் கிணற்றுத் தண்ணீரைத் தூக்குவாளியில் கொண்டுவந்தார். அவர் சாமியைப் பற்றியோ சயின்ஸைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "பிள்ளையளுக்குக் குடுக்கலாமா, கூடாதா?" என்றார். என் வேலைக்காலம் முழுக்க லேபுக்கு வந்த கேள்விகளில் லேப் நேராகப் பதில் சொல்லக்கூடிய கேள்வி அதுதான். குளோரைடு கூடியிருந்தது. கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.

லேப் ரிப்போர்ட் சாமிக்குச் சாட்சி சொல்லாது, சாமிக்கு எதிராகவும் சொல்லாது. ஆனால் தீர்த்தத்தைக் காப்பாற்ற அது வேண்டும். உடன்குடி, சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கங்களில் கடல்நீர் நிலத்துக்குள் ஏறி வருவது பல வருஷமாகப் பேசப்படுகிற பிரச்சினை. ஆழ்துளைக் கிணறு பெருகப் பெருக, மிதக்கிற அந்த நல்ல தண்ணீர் மெலிகிறது. மட்டம் ஓர் அடி இறங்கினால் கீழே நாற்பது அடி போகும் என்பதுதான் அந்தக் கணக்கின் மறுபக்கம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த மாதிரி வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றில் உப்பு குறையும், கிருமி கூடும். நாக்கு முதலாவதைச் சொல்லும், இரண்டாவதைச் சொல்லாது.

ஆகவே கோயில் நிர்வாகத்துக்கும் பங்கு மக்களுக்கும் ஜமாஅத்துக்கும் ஊராட்சிக்கும் ரிட்டயர் ஆன ஒரு கெமிஸ்ட்டின் வேண்டுகோள் இது. உங்கள் ஊர்த் தீர்த்தத்திலும் குடிதண்ணீர்க் கிணற்றிலும் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னும் தை பிறந்த பின்னும், சுத்தமான பாட்டிலில் தண்ணீர் எடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் லேபில் கொடுங்கள். குளோரைடு எவ்வளவு, கிருமி உண்டா, கிணற்றில் தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறது என்ற மூன்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் பக்கத்தில் புதிய போர் போட விடாதீர்கள். அந்த நோட்டை வைத்து சாமி உண்டா என்று யாரும் வாதாட வேண்டாம். தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.